காலர் பட்டை

570 பஸ்ஸில் இன்று காலை பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி. மடியில் சர்ட்டிபிகேட் ஃபைல், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டால் செல்ஃப் இன்ட்ரோ. "மை ஸ்ட்ரெங்த்" வரைக்கும் வந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

புதுச்சட்டை. காலருக்குள் கடையில் வைக்கிற அந்தப் பிளாஸ்டிக் பட்டை அப்படியே இருந்தது. சொன்னேன். "ஐயோ, தேங்க்ஸ்ண்ணா" என்று உருவி, தூக்கி எறியாமல் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டான்.

விருத்தாசலம் பக்கமாம். பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதத்துக்கு மேல், அரியர் கிடையாது, ஆன்லைன் டெஸ்டும் தாண்டியாச்சு. இதுவரை மூன்று கம்பெனியில் ஹெச்ஆர் ரவுண்டு வரை போய், "மெயில் வரும்" என்று அனுப்பிவிட்டார்களாம். ஒன்றிலிருந்தும் வரவில்லை.

இல்லை என்று ஒரு வரி அனுப்பக்கூடவா நேரமில்லை?

சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆள்தான் நானும். போன மாதம் இன்டர்வியூவில் ஒரு பெண்ணிடம் லிங்க்ட் லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னேன், புரோகிராமிங்கில் வழக்கமாகக் கேட்கிற கணக்கு. பேப்பரில் சரியாகப் போட்டுவிட்டாள், விளக்கச் சொன்னதும் ஆங்கிலம் திக்கியது. "கம்யூனிகேஷன் ஆவரேஜ்" என்று எழுதியது என் கைதான். இத்தனைக்கும் ஒன்பது வருட வேலையில் நான் ஒரு லிங்க்ட் லிஸ்டையும் திருப்பியதில்லை. அந்தப் பெண்ணுக்கு யாராவது மெயில் போட்டார்களா என்று கேட்டதுமில்லை.

சோழிங்கநல்லூரில் இறங்கும்போது, "அண்ணா, சட்டை இப்ப ஓகேவா?" என்றான்.

காலரை நானே மடித்துவிட்டேன்.