செல்லோ தேர்வுக்கு லாட்விய இசையமைப்பாளர் வாஸ்க்ஸை எடுத்து ஒருமுறை ஃபெயிலாகி, இப்போது பாஸ் செய்த கதை

முந்தாநாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பாஸ். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், 25க்கு 19. போன வருடம் இதே செல்லோ, இதே இசையமைப்பாளர், 25க்கு 8. அந்த 8 பதினோரு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது. பேட்டெரிஸ் வாஸ்க்ஸை எடுத்திருக்கிற சிலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். ரெசைட்டலில் அவர் படைப்பை வாசிக்க வேண்டும், வைவாவில் அவரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள்; மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு ஊர்ப்பெயர். "வாஸ்க்ஸ் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) டபுள் பாஸ் படித்தது எங்கே?" என்று கேட்டார்கள். செல்லோவைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம் அது. லாட்வியாவின் தலைநகரான "ரீகா" என்றேன். எதிரே இருந்த தேர்வாளர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "ரீகாவில் அவருக்கு இடம் கொடுத்தார்களா?" என்றார். நான் மனப்பாடம் செய்திருந்த இருபது தேதிகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் சரியாக ஞாபகமில்லை.

விடை வில்னியஸ். லாட்வியா அல்ல, பக்கத்து லிதுவேனியா. வாஸ்க்ஸ் 1946இல் ஐஸ்புட்டே என்ற சின்ன ஊரில் பிறந்தார், அப்பா பாப்டிஸ்ட் போதகர். பள்ளிப் படிப்பு ரீகாவில் எமில்ஸ் டார்சின்ஷ் இசைப்பள்ளியில். அதற்கு மேல், சோவியத் ஆட்சியில் ஒரு போதகரின் மகனுக்குச் சொந்த நாட்டில் கதவு திறக்கவில்லை. வில்னியஸ் போய் 1970 வரை டபுள் பாஸ் படித்தார், அங்கேயே ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்தார். பிறகு சோவியத் ராணுவ சேவை. திரும்பி வந்து லாட்விய வானொலி, தொலைக்காட்சி ஆர்கெஸ்ட்ரா. 1973இல்தான் ரீகாவில் வாலன்டின் உட்கினிடம் காம்போசிஷன், அதாவது இசையமைப்பு, படிக்கச் சேர்கிறார். முடித்தது 1978. சில குறிப்புகளில் உட்கினையும் வில்னியஸில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். நான் படித்த நோட்ஸும் அப்படித்தான் இரண்டு ஊரையும் போட்டுக் குழப்பியிருந்தது.

இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டால் பாதி வைவா கையில் வந்துவிடும். ஏன் தாமதமாக எழுத ஆரம்பித்தார்? ஏன் இத்தனை படைப்புகள் தந்திக் குழுவுக்கு? பத்து வருடத்துக்கு மேல் ஆர்கெஸ்ட்ராவின் அடிமட்டத்தில் நின்று, மேலே நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அவர். அவருடைய படைப்புகளில் டபுள் பாஸுக்கான வரியை மட்டும் தனியாகப் பென்சிலால் கோடிட்டுப் படித்துப் பாருங்கள். மற்றதைவிட எனக்கு அதுதான் பலன் தந்தது.

இந்த வருடம் தேதி அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். ஒரு சம்பவத்துக்கு ஸ்கோரில் (அச்சிட்ட இசைக்குறிப்பில்) ஒரு பக்கம், அவ்வளவுதான்:

1980, பறவைகளோடு ஒரு நிலக்காட்சி, தனிப் புல்லாங்குழலுக்கு. பறவை அவருக்கு அலங்காரம் இல்லை, சுதந்திரம். இதைச் சொல்லாமல் வெளியே வராதீர்கள்.

1983, மூசிகா டோலோரோசா. சகோதரியின் மரணம். நாட்டின் நிலையையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

1991, பால்சிஸ், அதாவது குரல்கள். தந்திக் குழுவுக்கான முதல் சிம்ஃபனி. அந்த ஜனவரியில் சோவியத் படைகளுக்கு எதிரான சுதந்திரப் போராட்டத்தில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தில் சாவு, ரீகாவில் தெருத் தடுப்பரண்கள். மௌனத்தின் குரல்கள், வாழ்வின் குரல்கள், மனசாட்சியின் குரல் என மூன்று பகுதிகள். வரிசை மாறக்கூடாது.

1997, தாலா கைஸ்மா, தொலைவின் ஒளி. வயலின் கலைஞர் கிடோன் கிரெமருக்காக எழுதியது, முதல் அரங்கேற்றம் சால்ஸ்பர்க்கில். மூன்று கடென்சா, அதாவது வயலின் தனியாக வாசிக்கும் இடங்கள். கேள்வி மூன்றாவதில்தான் வரும்: அதன் பிறகு ஆர்கெஸ்ட்ரா கட்டவிழ்ந்து இரைகிறது, அந்த இரைச்சலிலிருந்து ஒரு வால்ட்ஸ் வருகிறது. இதை வாயால் விளக்க முடியாது, பக்கத்தைக் காட்டுங்கள்.

ரெசைட்டலுக்கு நான் வைத்தது 1978இன் கிராமத்தா செல்லாம், அதாவது செல்லோவுக்கான புத்தகம், தனிச் செல்லோவுக்கு. முதல் பகுதி ஃபோர்ட்டிஸிமோ (மிக உரக்க), இரண்டாவது பியானிஸிமோ (மிக மெதுவான ஒலியில்). இந்த இரண்டாவதில் வாசிப்பவரே பாட வேண்டும், வில்லை நிறுத்தாமல். எனக்குக் கூச்சம். போன வருடம் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு வந்தேன். இந்த முறை இரண்டு மாதம் விடிகாலை ஐந்து மணிக்குச் செல்லோவைத் தொடாமல் சுருதிப் பெட்டியோடு அந்த வரியை மட்டும் பாடினேன். மூன்றாவது வாரம் வில்லைச் சேர்த்தபோது, குரல் சரியாக நின்றால் செல்லோவின் மரம் மார்பெலும்பில் அதிர்கிறது, அரை இழை தவறினாலும் அதிர்வு உதறுகிறது. பிறகு காதைவிட நெஞ்சைத்தான் நம்பினேன். "ஏன் பாட வைக்கிறார்?" என்று வைவாவில் கேட்டபோது விளக்கம் சொல்லவில்லை, அந்த வரியைப் பாடிக் காட்டினேன். தேர்வாளர்கள் இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இனி சில்லறை விஷயங்கள்.

குழுவாகப் படிக்காதீர்கள். ஊர்ப்பெயர்க் குழப்பம் எனக்குத் தொற்றியது அங்கேதான்.

வரியைப் பாட வரும்வரை ரெக்கார்டிங் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அடுத்தவர் மூச்சு உங்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

யாசெப்ஸ் வீடோல்ஸ் என்ற லாட்விய இசையமைப்பாளர் வேறு ஆள். ரீகா கன்சர்வேட்டரியை 1919இல் நிறுவியவர். அவசரத்தில் பெயர் மாறி வாயில் வரும்.

போலந்து இசையமைப்பாளர் லுடோஸ்லாவ்ஸ்கியின் தாக்கம் பற்றி இரண்டு நிமிடம் பேசத் தயாராக இருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

புரோகிராம் நோட்டில் லாட்விய எழுத்துகளின் மேல் வரும் கோட்டை விடாதீர்கள். அது நம் நெடில் மாதிரி. பேட்டெரிஸில் ஒன்று, தாலாவில் இரண்டு. எனக்கு இந்த முறையும் மதிப்பெண் போனது அங்கேதான், மூன்று இடத்தில் விட்டிருக்கிறேன்.