சுங்கை பூலோவுக்குப் போக ஒரு கேமரா

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் மகளோடு கிராஞ்சியில் இறங்கி, 925 பேருந்து பிடித்து, சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனோம். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நீர் வடிந்து சேறு வெளியே தெரிந்த நேரம். பாலத்துக்குக் கீழே ஒரு சாம்பல் நாரை விலாங்கு மீனைக் கவ்விக்கொண்டு நின்றது. மீன் அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அப்படியொரு காட்சி எனக்குக் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

நாலாவது படத்திலேயே சத்தம் மாறியது. பதினெட்டு வருஷமாக மின்தூக்கி பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். கதவு ரோலர் தேய ஆரம்பித்தால் மூன்று மாடி தள்ளி நின்றாலும் காதில் விழுந்துவிடும். கேமராவின் ‘டக்’ அன்று ‘கர்ரக்’ என்று இழுத்தது. திரையில் பார்த்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. அடுத்த தடவை அழுத்தியபோது பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே செய்தி.

“அப்பா, முழுங்கிடுச்சுப்பா,” என்றாள் மகள். நான் நிமிர்ந்தபோது நாரையின் தொண்டையில் புடைப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தன் பறவைக் குறிப்பேட்டில் அதை எழுதிவைத்தாள். நல்லவேளை, அதுவாவது இருக்கிறது.

ஜனவரி 7, புதன்

வேலைக்கு அரை நாள் விடுப்பு. பழுதுபார்ப்பவர் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைப் பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தூக்கி உள்ளே காட்டினார். ஷட்டரின், அதாவது ஒளிக்குத் திறந்து மூடும் திரையின், மெல்லிய தகடுகளில் ஒன்று வரிசையைவிட்டு விலகி, வெட்டிய நகத்துண்டுபோல வளைந்து கிடந்தது. மற்றத் தகடுகள் அதன்மேல் ஏறி நின்றுவிட்டன. அந்த மாடலுக்கு ஷட்டர் உதிரிபாகம் வருவது நின்றுவிட்டதாம்.

கேமராவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 2015இல் பழைய ஃபுனான் கடைத்தொகுதியில் வாங்கியது. தயாரிப்பாளர் சொன்ன ஷட்டர் ஆயுள் 100,000 படம். இது 163,000 எடுத்த பிறகுதான் போயிருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனசு உடைந்தது லென்ஸ் விஷயத்தில்தான். அவர் பின்பக்கமாக டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி, சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல்கள் கிளை கிளையாகப் பரவியிருந்தன. பூஞ்சணம். நாள்பட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் போகாது என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அலமாரியின் மேல்தட்டில், துணிப்பையில், மனைவியின் சேலைகளுக்குப் பக்கத்தில். பதினோரு வருஷமாக.

இந்த ஊர்க் காற்றில் சராசரி ஈரப்பதமே நூற்றுக்கு 80க்கு மேல். விடிகாலையில் 90ஐத் தாண்டும். மின்தூக்கியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்று நான் புதிய பையன்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு தூக்கிக்கும் பராமரிப்புப் பதிவேடு எழுதுகிறேன். கேமராவுக்கு எழுதவில்லை.

ஜனவரி 10, சனி

ஃபுனான் போய் இரண்டு மணி நேரம் சுற்றினேன். பழைய கட்டடத்தை 2016இல் மூடி, 2019இல் புதிதாகத் திறந்த பிறகு அங்கே எனக்குத் திசையே பிடிபடுவதில்லை.

வேண்டியது என்ன என்பதை முன்பே தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிக்சல் எண்ணிக்கை அதில் இல்லை. இரண்டு மெமரி கார்டு இடம் வேண்டும், ஒன்று செத்தால் மற்றதில் படம் இருக்க வேண்டும். ஷட்டர் ஆயுள் அதிகமாக இருக்க வேண்டும். மழை தாங்க வேண்டும். பேட்டரி இன்னும் பத்து வருஷம் கழித்தும் கிடைக்க வேண்டும். பழுதானால் எங்கே கொடுப்பது, எத்தனை நாள் ஆகும் என்பதற்கு நேரான பதில் வேண்டும்.

பழைய லென்ஸும் போய்விட்டதால் எந்த நிறுவனத்தோடும் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. பழையதுபோல உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவையே மறுபடியும் வாங்கலாமா என்றால், நிக்கானும் கேனானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. உதிரிபாகம் கிடைக்காமல் ஒரு தடவை பட்டது போதும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான்.

நிக்கான் Z50II கையில் நன்றாக உட்கார்ந்தது. சோனி a6700 பறவையின் கண்ணைப் பிடிக்கும் வேகம் அசத்தியது. ஆனால் இரண்டிலும் கார்டு இடம் ஒன்றுதான். வேறு ஆளுக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிரேக்கைக்கூட இரட்டையாக வைக்கிற தொழிலிலிருந்து வருகிறவன் நான்.

கேனான் R7இல் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு கார்டு, ஷட்டர் ஆயுள் 200,000. பேட்டரி LP-E6 குடும்பம், 2008இலிருந்து வருகிற அதே வடிவம். அதோடு சேர்த்துக் காட்டிய 100-400 மி.மீ. தொலைதூர லென்ஸின் எடை வெறும் 635 கிராம், மகள்கூடத் தூக்கலாம். ஆனால் அந்த லென்ஸில் மழைத் தடுப்பு இல்லை. கேமரா நனையலாம், லென்ஸ் நனையக்கூடாது என்றால் சுங்கை பூலோவில் அதை எப்படி வைத்துக்கொள்வது?

ஜனவரி 11, ஞாயிறு

கேமரா இல்லாமலே போனோம். பறவை பார்க்கும் மறைவிடத்தில், அங்கே வழக்கமாகச் சந்திக்கும் பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் வருவார். சாரலில் நனைந்தபடி அவருடைய பழைய ஒலிம்பஸ் கேமரா மடியில் கிடந்தது. நான் கைக்குட்டையை நீட்டினேன்.

“விடு தம்பி, அது குளிச்சுக்கிட்டிருக்கு,” என்றார். ஒன்பது வருஷமாக அப்படித்தானாம்.

அதே வரிசையில் பிறகு வந்தது OM-1. 2022இல் வெளிவந்தது. “அதுல ஐபி நம்பரே போட்டிருக்கான், பாத்துக்க” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் வேலையில் குழியில் வைக்கும் விளக்கு, மழை படும் இடத்துப் பொத்தான், எதை எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஐபி எண்ணைத்தான். ‘மழைக்குத் தாங்கும்’ என்று விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எண் போட்டால் அதைச் சோதித்துக் காட்டியாக வேண்டும்.

OM-1க்கு ஐபி53. முதல் இலக்கம் தூசிக்கு: 5 என்றால் தூசி கொஞ்சம் நுழைந்தாலும் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு நுழையாது. இரண்டாவது தண்ணீருக்கு: 3 என்றால் நேர்மேலிருந்து 60 டிகிரி சாய்வு வரை தெளிக்கிற நீரைத் தாங்கும். அதற்குத் தமிழில் சாரல் என்றே பெயர் இருக்கிறது. கொட்டுகிற மழைக்கு இந்த எண் பொருந்தாது, அதற்கு உறை போட வேண்டும். மழைத் தடுப்புள்ள லென்ஸை மாட்டினால்தான் இந்த எண்ணுக்கே அர்த்தம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தேக்காவில் நேற்றிரவு கரும்பு வாங்கக் கூட்டம் நெரித்தது. பால் பொங்கியதைக் கைத்தொலைபேசியில் எடுத்தோம். நன்றாகத்தான் வந்தது. வீட்டுப் படங்களுக்குத் தொலைபேசி போதும் என்று மனைவி சொல்வது நியாயம். நாற்பது மீட்டர் தள்ளிச் சேற்றில் நிற்கும் பவளக்காலிப் பறவைக்குத்தான் அது போதாது.

ஜனவரி 17, சனி

நகர மண்டப ரயில் நிலையத்தில் இறங்கி பெனின்சுலா கடைத்தொகுதி. பழைய கேமராக்களுக்கு நான் நம்பிப் போவது இந்த வட்டாரத்துக்குத்தான். ஒரு கடையில் OM-1ம் 100-400 லென்ஸும் பழையது சேர்ந்தே இருந்தன. இரண்டும் 2,750 சிங்கப்பூர் வெள்ளி. டிசம்பரில் வந்த பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு.

இணையச் சந்தையில் தனியாள் ஒருவர் இதைவிட 300 வெள்ளி குறைவாகப் போட்டிருந்தார். ஆனால் 2012 செப்டம்பரில் இங்கே நடப்புக்கு வந்த லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறையென்று எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. தனியாளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. 300 வெள்ளிக்கு ஆறு மாத நிம்மதி எனக்கு மலிவாகவே பட்டது.

கடைக்கார அங்கிள் என்னைப் பொறுமையாகச் சோதிக்க விட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. ஷட்டர் எண்ணிக்கையைத் திரையில் வரவழைத்துக் காட்டினார்: 21,408. தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 400,000.

லென்ஸ் மூடியைப் போட்டு நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி நகர்த்தினேன். கெட்டுப்போய் எப்போதும் ஒளிர்கிற பிக்சல் இருந்தால் கறுப்பில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி தெரியும். ஒன்று மட்டும் இருந்தது. மெனுவில் பிக்சல் மேப்பிங் போட்டதும் மறைந்தது. பிறகு அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, f/16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தேன், சென்சார் தூசி பார்க்க. மேல் மூலையில் லேசாக ஒரு நிழல். ஊதியதும் போனது.

இரண்டு கார்டு இடத்திலும் தனித்தனியாக எழுதச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்தையும் இருபுறமும் சுற்றினேன். லென்ஸை மாட்டி மெல்ல அசைத்தேன், ஆட்டமில்லை. பேட்டரி மூடியைத் திறந்து ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஐபி எண்ணைக் காப்பாற்றுவது அந்த ஒரு மில்லிமீட்டர் ரப்பர்தான். மூலையில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டு மூடியபோது ‘சிக்’ என்று இறுகியது.

கடைசியாக லென்ஸுக்குள் டார்ச். இந்தத் தடவை நானே அடித்தேன். கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுக்குள் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தன. நூல் இல்லை.

முன்பணம் 100 வெள்ளி கொடுத்து, இரண்டு நாள் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. உறுத்துவது ஒன்றுதான். ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலைப் பிரித்து 2021 ஜனவரியில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. கேனானோடு பார்த்தால் சின்ன நிறுவனம். பத்து வருஷம் கழித்து உதிரிபாகத்துக்கு எங்கே போய் நிற்பேன்?

மனைவியிடம் சொன்னேன். “உங்க பழைய கேமரா பெரிய கம்பெனிதானே? பார்ட்ஸ் கிடைச்சுதா?” என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், கைமாறிய நிறுவனங்களின் தூக்கிகளை நானே இன்றும் பராமரிக்கிறேன். அவை ஓடுவதற்குக் காரணம் முறையாக எண்ணெய் விட்டதும், ஈரத்தைத் தள்ளி வைத்ததும், தேய்கிற பாகத்தைத் தேய்வதற்கு முன்பே மாற்றியதும்தான். பழைய கேமராவை ஷட்டர் கொல்லாமல் விட்டிருந்தாலும் பூஞ்சணம் லென்ஸைத் தின்றிருக்கும். அது என் அலமாரியில் நடந்தது, எந்த நிறுவனமும் அதைச் செய்யவில்லை.

ஜனவரி 19, திங்கள்

வாங்கிவிட்டேன். கூடவே 30 லிட்டர் டிரை கேபினெட் ஒன்று, உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி. முந்தைய தடவை வீண்செலவு என்று விட்ட பொருள். அதை இந்தத் தடவை கேமராவின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டேன். 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். நூற்றுக்கு 60க்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும், ஒரேயடியாக உலர்த்தினாலும் ரப்பருக்கு ஆகாது. மாலையில் கதவைத் திறந்தபோது 78 காட்டிய முள், இரவு பத்து மணிக்கு 52இல் நின்றது.

ஜனவரி 25, ஞாயிறு

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் மூச்சுவிட்டதுபோல ஆவி படியும். அதனால் கேமராவை ஜிப் பையில் போட்டு இறுக்கி, கிராஞ்சி போய்ச் சேரும்வரை திறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். பைக்கு வெளியேதான் பனித்திருந்தது.

எட்டே முக்காலுக்குச் சாரல் பிடித்தது. மற்றவர்கள் மறைவிடத்துக்குள் ஓட, நாங்கள் பாலத்திலேயே நின்றோம். லென்ஸ் குழல்மேல் மழைத்துளிகள் உருண்டு உருண்டு என் மணிக்கட்டில் இறங்கின. மகள் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினாள். சேற்றில் வரிசையாக நின்ற பவளக்காலிகள் ஒரே நேரத்தில் எழும்பின. இறக்கையின் பின்விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு அவற்றுக்கு. பறக்கும்போதுதான் தெரியும். பதினேழு பறவை, பதினேழு வெள்ளைப் பட்டை. திரையில் எண்ணிப் பார்த்து அவள்தான் சொன்னாள்.

பெரியவர் எட்டிப் பார்த்து, “குளிப்பாட்டியாச்சா?” என்றார்.

நாரை வந்தது. விலாங்கு கிடைக்கவில்லை அதற்கு. சின்னச் சின்ன மீனாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தூக்கிகளுக்குப் போடுகிற அதே கட்டங்கள். மகள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

25.1.2026. சுங்கை பூலோ. சாரல், 40 நிமிடம். ஷட்டர் 21,408இலிருந்து 21,820. இரண்டு கார்டிலும் படங்கள் சரி. வெளிப்புறம் துடைத்தது. பேட்டரி மூடி, கார்டு மூடி ரப்பர் விளிம்புகள் பார்த்தது, உள்ளே ஈரமில்லை. கேபினெட் 45.