குவாங்சோவில் வாட்ஸ்அப் வேலை செய்யுமா?

செய்யும். தடையைச் சுற்றிப் போக வைக்கும் விபிஎன் செயலி இல்லாமலேயே செய்யும். கிளம்புகிறதுக்கு முன்னால் யாரிடம் பேசினாலும் "சைனாவா? நல்ல விபிஎன் ஒண்ணு காசு கட்டி வாங்கிக்குங்க" என்றே சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. அந்தக் காசை விபிஎன்னில் போடாதீர்கள். அனுமதி இல்லாத விபிஎன் அங்கே சட்டப்படி தப்பு, அது தனிக் கதை. இன்றைக்கு ஓடும், நாளைக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதுதான் நமக்குப் பெரிய தலைவலி.

ஃபேஸ்புக்கும் யூடியூபும் 2009இலேயே அடைபட்டுவிட்டன. ஜிமெயில் 2014 கடைசியில், வாட்ஸ்அப் 2017இல், விக்கிப்பீடியா எல்லா மொழியிலும் 2019இல். ஆனால் இந்தச் சுவர் நிற்பது அந்த நாட்டு இணையம் வெளியே போகிற வாசலில். வெளிநாட்டு சிம் ரோமிங்கில் இருந்தால், சீன டவர் நம் டேட்டாவைப் பிரிக்காமல் அப்படியே சிம் கொடுத்த நாட்டுக்கு அனுப்பிவிடும். இணையத்தில் கலப்பது அங்கே போன பிறகுதான். அதனால் தடை நம்மைத் தொடுவதில்லை. நம்மூர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டாலே போதும். விலையைப் பார்த்ததும் எனக்கு மயக்கம் வந்ததால் பயண இசிம் வாங்கினேன், அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றுகிற சிம்; பாதிக்கும் குறைவு. ஊரிலேயே போனில் ஏற்றிவிடுங்கள். சீனாவில் இறங்கி விமான நிலைய வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த வைஃபை முதலில் போன் நம்பரைக் கேட்கும், ஓடிபி வரணும், அப்புறமும் ப்ளே ஸ்டோர் திறக்காது.

வாங்கும்போது இசிம் எந்த நாட்டு வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். என்னுடையது ஹாங்காங் வழி. வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் பறந்தன. சாட்ஜிபிடி மட்டும் திறக்கவில்லை. ஹாங்காங்குக்கு அந்த நிறுவனமே சேவை தருவதில்லை. சிங்கப்பூர் வழி போகிற இசிம்மில் அந்தத் தொல்லை இல்லை.

என்னோடு வந்த மச்சானின் போன் இசிம் ஏற்காத பழைய போன். திருப்பூர்க்காரர், ஜோங்தா துணிச் சந்தையில் ஜிப்பும் பட்டனும் பார்க்க வந்தவர். ஓட்டலில் நுழைந்ததும் வைஃபையைப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு "வந்து சேந்துட்டோம்" என்று அனுப்பினார். டிக் விழவில்லை, கடிகாரக் குறியே நின்றது. "ஏனுங் மாப்ளே, இத்தனை பெரிய ஓட்டல்ல நெட்டு இல்லியா?" நெட் பிரமாதமாக இருந்தது, சீனத் தளங்களுக்கு மட்டும். உங்கள் போனிலும் ஒருமுறை ஓட்டல் வைஃபை சேமித்துவிட்டால், அறைக்குள் வரும்போதெல்லாம் அது தானாக அதில் தொற்றிக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வைஃபையை அணைத்துப் போடுங்கள். அதற்கப்புறம் மச்சான் என் ஹாட்ஸ்பாட்டில்தான் வாழ்ந்தார். தினமும் ராத்திரி அக்காவுக்கு வீடியோ கால், பட்டனைக் காட்ட. என் ஜிபி கரைவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கூகுள் மேப் திறக்கிறதே என்று நம்பி நடக்காதீர்கள். ஷாமியன் தீவில் ஆலமர நிழலில் நின்றுகொண்டிருந்த என்னை அது ஆற்றுக்குள் காட்டியது. சீன அரசு வரைபடங்களுக்கென்று ஆயங்களை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, தள்ளிவைக்கும் தனி முறையை வைத்திருக்கிறது; ஜிபிஎஸ் புள்ளியும் தெருவும் சில நூறு மீட்டர் வரை விலகி நிற்கும். ஏமேப் செயலியில் ஆங்கிலம் இருக்கிறது, ஐபோனில் ஆப்பிள் மேப் சரியாகவே காட்டுகிறது. நம் அரசு 2020 ஜூனில் தடைசெய்த 59 செயலிகளில் பைடு மேப்பும் உண்டு, சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரியான வீசாட்டும் உண்டு. அவர்கள் நம் வாட்ஸ்அப்பை மூட, நாம் அவர்கள் வீசாட்டை மூட, வியாபாரம் பேச வந்த மச்சான் நடுவில் விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர்கள் எல்லாரும் வீசாட் க்யூஆரைத்தான் நீட்டினார்கள்.

குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்தில் ஒரு ஆள் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தார். நகருக்குள் இருக்கும் ஷியாவ்பெய் பகுதிக்குப் போக 200 யுவான். ஒரு யுவான் அப்போது ஏறக்குறைய 12 ரூபாய், கணக்குப் போட்டதும் பெட்டியைத் திரும்பப் பிடுங்கினேன். பின்னாலேயே வந்து 150 என்றார், 120 என்றார். பணம் கட்டுகிற அலிபே செயலிக்குள்ளேயே டிடி டாக்சி இருக்கிறது. அதில் 70கூட ஆகவில்லை. டிரைவர் அனுப்பிய செய்தியை அதுவே மொழிபெயர்த்தும் கொடுத்தது. நெட் இல்லாமல் இறங்கியிருந்தால் அந்த 120ஐக் கொடுத்துவிட்டு லாபம் என்று நினைத்திருப்போம்.

சாப்பாட்டைச் சொல்லியே ஆகணும். காலை டீக்கென்றே குவாங்சோவில் பெரிய பெரிய கடைகள். தாத்தா பாட்டிகள் பேப்பரோடு வந்து மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். முதல் ஊற்று டீ குடிக்க இல்லை, கிண்ணமும் குச்சியும் கழுவ. யாராவது டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டணும், அதுதான் நன்றி. மெனு கார்டு கிடையாது, மேசையில் க்யூஆர் மட்டும். அலிபேயில் ஸ்கேன் செய்தால் முழுக்கச் சீனம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்பில் போட்டால் "பீனிக்ஸ் நகம்" என்று வருகிறது. வந்தது கோழிக்கால்! கருப்பு பீன்ஸ் சாறில் ஊறி, எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. மச்சான் முகத்தைச் சுளித்தார், ஒன்று எடுத்தார், பிறகு தட்டு என் பக்கம் வரவே இல்லை. இறால் கொழுக்கட்டையின் மேல்தோல் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு பேர் மூக்குமுட்டச் சாப்பிட்டும் 130 யுவான் தாண்டவில்லை.

பணம் கட்ட விசா கார்டை அலிபேயில் ஊரிலேயே இணைத்துவிடுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்தால்தான் நடக்கும். ஓடிபி வர நம்மூர் சிம்மைக் கழற்றாதீர்கள், டேட்டாவை மட்டும் அணைத்துவையுங்கள். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று அங்கே விதி உண்டு, ஆனால் 100 யுவானை நீட்டினால் சில்லறை தேடிப் பக்கத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து மச்சான் ஜோங்தாவில் மாதிரி வாங்கிய ஒவ்வொரு பில்லையும் 190, 190 என்று பிரித்துத்தான் போடச் சொன்னார். கடைக்காரப் பெண் சலிக்காமல் போட்டுக் கொடுத்தார்.