சிங்கப்பூர் ஆத்தங்கரை ஸ்கெட்ச்: நாலு வாரத்துல எதுவரைக்கும் வந்தேன்

ஆத்து முகத்துலேர்ந்து மேல நடந்துக்கிட்டே கரையோரப் பழைய கட்டடத்தையெல்லாம் பேனாவுல வரைஞ்சுடலாம்னு ஆரம்பிச்சது, நாலு சனிக்கிழமை போயிருச்சு, இன்னும் கோல்மன் பாலத்தத் தாண்டல.

முதல்ல புல்லர்ட்டன். 1928ல தபால் ஆபீஸா திறந்தது, இப்ப ஹோட்டல். தூணை ஒவ்வொண்ணா வரைஞ்சுட்டே போனா கடைசித் தூணுக்குப் பேப்பர்ல எடமில்ல, ரெண்டு தாள் வேஸ்ட். மூணாவது தடவை தூணையே தொடாம நடுவுல விழுற நிழல மட்டும் கருப்பா அடிச்சேன், தூண் தானா எந்திரிச்சு நின்னுச்சு.

அடுத்தது கேவனா பாலம், 1869. இரும்பெல்லாம் கிளாஸ்கோலேர்ந்து கப்பல்ல வந்ததாம். பாலம் ரொம்பத் தாழ்வு, தண்ணி ஏறிட்டா சரக்குப் படகு அடியில நுழையாது, வடியுற வரைக்கும் காத்துக் கிடக்கணும், வண்டி நடமாட்டமும் கூடிப்போயி 1910ல பக்கத்துலயே ஆண்டர்சன் பாலம் கட்டிட்டாங்க, இது நடக்குறவங்களுக்கு மட்டும்னு ஆயிருச்சு. அந்தத் தாழ்வ வரையணும்னு நான் கடல் ஓதம் வடியுற நேரம்லாம் பாத்து விடிகாலைல போய் உக்காந்தேன். ஒரு மணி நேரமாச்சு, தண்ணி அசையவே இல்ல! அப்புறம்தான் மண்டைல ஒறைச்சுது, 2008லயே மரீனா அணைக்கட்டு வந்து இது நன்னீர்த் தேக்கமாயிருச்சே, இதுல ஏது ஓதம். சரி, இருக்குற தண்ணியவே வரைஞ்சேன். வாட்டர்புரூப் இல்லாத மை வேற, கலர் வாஷ் போட்டதும் கம்பியெல்லாம் கரைஞ்சு ஆத்தோட போச்சு.

எம்பிரஸ் பிளேஸ் கட்டடம் (ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கே, அதுதான்) ஒரே மூச்சுல முடிஞ்சுது. ஆனா 1867ல அதைக் கட்டுனது கைதிங்க, அதுல நம்மூர்ப் பக்கத்துலேர்ந்து நாடு கடத்துன ஆளுங்களும் இருந்திருப்பாங்க, வரையுறப்ப கை கொஞ்சம் நின்னுதான் போகுது.

இப்ப மாட்டிக்கிட்டு இருக்குறது பழைய ஹில் ஸ்திரீட் போலீஸ் நிலையம். 1934ல கட்டுனது, மொத்தம் 927 ஜன்னல், அத்தனையும் வானவில் கலர்ல. எதிர்க்கரைலேர்ந்து தெரியுற பக்கம் மட்டும்தான் வரையுறேன், அதுவே போதும்டா சாமி. மாடி மாடியா கோடு இழுத்து, முதல் ஜன்னலயும் கடைசி ஜன்னலயும் வச்சுட்டு நடுவுல பாதி பாதியா பிரிச்சுக்கிட்டு வரேன், பெர்ஸ்பெக்டிவ் தப்பல. ரெண்டு மாடி முடிஞ்சிருக்கு. கலர் அடிக்கிறது அடுத்த சனிக்கிழமை, வேற மை வாங்கிட்டு.