தகாஓகாவில் டோரேமான், ஹிமியில் ஹட்டோரி

டோரேமானுக்காக ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் கவாசாகிக்குத்தான் போகிறார்கள். நொபொரிதோ ஸ்டேஷனில் இறங்கி, டோரேமான் படம் போட்ட பஸ்ஸில் ஏறினால் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அருங்காட்சியகம் வந்துவிடும். 2011 செப்டம்பர் 3-இல் திறந்தார்கள். டோரேமான் எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை, கதைப்படி அது பிறக்கப்போவது 2112 செப்டம்பர் 3 என்பதால் அந்தத் தேதி. முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. அடிபம்பை அடித்தால் தண்ணீருக்குள்ளிருந்து, கதையில் எல்லாரையும் அடிக்கும் முரடன் ஜியான் எழுந்து வருவான், அதுவும் கண்கள் பளபளக்கும் அழகான ஜியான். நானும் போயிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, கூட்டத்தைத் தவிர. ஆனால் என்னைக் கேட்டால், டோரேமான் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் கொஞ்சம் செலவு செய்து தோயாமா மாவட்டத்தில் இருக்கும் தகாஓகாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு குட்டி ரயிலில் அரை மணி நேரம் போய் ஹிமியையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

ஏன் இரண்டு ஊர் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளி விட்டு வந்ததும் ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். எனக்கு டோரேமான், சித்தி பையனுக்கு நிஞ்சா ஹட்டோரி. இரண்டும் டப்பிங்கில் ஒரே மாதிரி கத்தும் என்று அம்மா சொல்வார். அம்மா சொன்னதில் அவருக்கே தெரியாத ஓர் உண்மை இருந்தது. இரண்டையும் வரைந்தவர்கள் ஒரே பெயரில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர். ஹிரோஷி ஃபுஜிமோட்டோ டோரேமானை வரைந்தார், மோட்டோஓ அபிகோ ஹட்டோரியை வரைந்தார். 1987 வரை இரண்டு தொடர்களிலும் அச்சான பெயர் 'ஃபுஜிகோ ஃபுஜியோ' மட்டுமே. பிரிந்த பிறகு ஃபுஜிமோட்டோ ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஆனார், அபிகோ ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ ஆனார். ஃபுஜிமோட்டோ பிறந்தது தகாஓகா, அபிகோ பிறந்தது ஹிமி. நானும் தம்பியும் எதிரெதிர்க் கட்சி என்று நினைத்திருந்தோம்!

டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போகலாம், இறங்க வேண்டியது ஷின்-தகாஓகா ஸ்டேஷன். 'காகயாகி' வேகமான வண்டி, ஆனால் பெரும்பாலும் அங்கே நிற்காது, 'ஹகுதாகா' பிடிக்க வேண்டும். நான் போனது 2023 நவம்பரில். மலையைத் தாண்டியதும் வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஜப்பான் கடல் பக்கம் அந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும், குடை இல்லாமல் போகாதீர்கள்.

தகாஓகா வெண்கல ஊர். 1609-இல் மாஎதா தொஷினகா என்ற பிரபு கோட்டை கட்டி ஊரை உண்டாக்கினார், கொஞ்ச நாளில் வார்ப்புத் தொழிலாளர்களை வரவழைத்துக் கனயா-மாச்சியில் குடியமர்த்தினார். இன்றும் ஜப்பானிய வீடுகளில் இருக்கும் பூஜை மணி, குடுவை, சிலை என்று நிறைய இந்த ஊரில் வார்த்தவைதான். நம்ம ஊர் சுவாமிமலையை நினைத்துக்கொண்டேன். பதினாறு மீட்டர் அளவுக்கு உயர்ந்த வெண்கலப் புத்தர் ஒருவர் ஊர் நடுவே உட்கார்ந்திருக்கிறார். அவரை வார்த்து முடித்தது 1933-இல். அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி ஃபுஜிமோட்டோ பிறந்தார்.

இப்படிப்பட்ட ஊர் டோரேமானுக்கு மரியாதை செய்தால் வெண்கலத்தில்தானே செய்யும்? தகாஓகா ஸ்டேஷனுக்கு உள்ளேயே டோரேமான் நிற்கும் தபால் பெட்டி இருக்கிறது, உள்ளூர் வார்ப்பு. வெளியே வந்தால் 'டோரேமான் நடைபாதை' என்று பன்னிரண்டு சிலைகள். டோரேமான் துணைக்கு வந்து தங்கும் பையன் நோபிட்டா, சிசுகா, சுனியோ, ஜியான், டோரேமி எல்லாரும் இருக்கிறார்கள். குழந்தைகள் தொட்டுத் தொட்டுச் சில இடங்கள் மட்டும் மினுமினுக்கின்றன. கதைப்படி டோரேமானின் உயரம் 129.3 செ.மீ., எடையும் அதே 129.3 கிலோ. இவ்வளவு கனமான பிள்ளைக்கு வெண்கலம் பொருத்தம்தான்.

ஸ்டேஷனிலிருந்தே மன்யோ லைன் டிராம் கிளம்புகிறது. 2012-இல், டோரேமான் பிறப்பதற்கு நூறு ஆண்டுகள் முன்பு என்று கணக்குப் போட்டு, ஒரு டிராமுக்கு நீலம் அடித்துவிட்டார்கள். ஏறும் கதவு மட்டும் ரோஸ் நிறம், திறந்தால் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற டோரேமானின் எனிவேர் டோர். எல்லா நேரமும் அந்த வண்டி வராது, அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி கையில் முள்ளங்கியோடு எனிவேர் டோர் வழியாக இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவருக்கு அது வீட்டுக்குப் போகும் வண்டி, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் ஸ்டேஷன் அருகில் இல்லை. ஷின்கான்சென் ஸ்டேஷன் பக்கம், நடந்து போகும் தூரத்தில், ஒதோகி-நோ-மோரி என்ற பூங்கா. அங்கே கார்ட்டூனில் வரும் அந்தக் காலி மனையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். சிமென்ட் குழாய்கள் மூன்று, அவற்றைச் சுற்றி நம் ஆட்கள். ஜியான் பாட்டுப் பாடிக் கொல்வது, பேஸ்பால் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைப்பது, நோபிட்டா அடி வாங்குவது எல்லாம் நடக்கும் மனை. டிவியில் பார்த்தபோது, இவ்வளவு வீடுகளுக்கு நடுவே ஒரு மனை மட்டும் எப்படிக் காலியாக இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வரும். அறுபது எழுபதுகளில் ஜப்பானிய ஊர்களில் வீடு கட்டும் வேலை ஓயாமல் நடந்தது. சாக்கடைக்கு வந்த குழாய்கள் மனைகளில் கிடந்தன, பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள். குழாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன, மனைகளில் வீடு வந்துவிட்டது. இன்றைக்கு ஜப்பானியப் பிள்ளைகளுக்கே அது கார்ட்டூனில் மட்டும் இருக்கும் இடம்.

அந்தக் குழாய் மேல் உட்கார்ந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஆறாம் தொகுதியின் கடைசிக் கதை. 1974 மார்ச்சில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஒரு மாத இதழில் வந்தது. டோரேமான் தொடங்கியதே அப்படித்தான். 1970 ஜனவரி இதழ் முதல், குட்டிப் பிள்ளைகளிலிருந்து நாலாம் வகுப்பு வரை வயதுக்கு ஒன்றாக ஆறு இதழ்கள், ஆறிலும் ஒரே ஆள் மாதாமாதம் தனித்தனிக் கதை வரைந்தார். இந்தக் கதையில் டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நோபிட்டாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கலங்குகிறான். அன்று இரவு ஜியானிடம் மாட்டிக்கொள்ளும் நோபிட்டா, டோரேமானைக் கூப்பிடுவதில்லை. எந்தக் கருவியும் இல்லை. அடி வாங்குகிறான், எழுகிறான், காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். நானே ஜெயித்தால்தான் அவன் நிம்மதியாகப் போவான் என்கிறான். கடைசியில் சலித்துப்போய், நான் தோற்றேன் விடு என்கிறான் ஜியான். மறுநாள் காலை படுக்கைக்குப் பக்கத்தில் டோரேமான் இல்லை.

ஃபுஜிமோட்டோ தொடரை அங்கேயே முடித்துவிடத்தான் நினைத்தார். மனம் கேட்கவில்லை. அடுத்த மாதமே, ஏப்ரல் முட்டாள்கள் தினத்தை வைத்து, சொல்வதெல்லாம் தலைகீழாகும் ஒரு மருந்தை நோபிட்டா குடிக்கிறான். டோரேமான் இனி வரவே மாட்டான் என்று சொல்கிறான், அவன் வந்து நிற்கிறான். கேலிக்கூத்தான தந்திரம்தான். ஆனாலும் கண்ணீர் வரவழைக்கும் முந்தைய கதையைவிட இந்தத் திரும்பி வரும் கதைதான் எனக்கு உசத்தி. அதற்குப் பிறகு அவர் முடிவே எழுதவில்லை. 1996-இல் அவர் இறந்தபோதும் டோரேமான் நீள்கதை ஒன்று மேஜை மேல் பாதியில் இருந்தது.

எச்சூ-நககாவா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் நகரக் கலை அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. சிறியது. கவாசாகியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இவ்வளவுதானா என்றிருக்கும். ஆனால் இங்கே கவனம் பெரிய ஆசிரியர் மேல் இல்லை, தகாஓகாப் பையன் மேல். ஒல்லியான, விளையாட்டு வராத, அடி வாங்கும் பையன். நோபிட்டா நான்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்து, நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். ஃபுஜிமோட்டோ எட்டிப் பார்த்து, நல்லா வரையறியே என்றார். அந்தப் புதுப் பையன்தான் அபிகோ. கையாலேயே எழுதி ஒட்டி இதழ் நடத்தினார்கள். தெசுகா ஒசாமுவின் காமிக்ஸைப் பார்த்துக் கிறங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, 1951-இல், சிறுவர் பத்திரிகை ஒன்றில் நான்கு கட்டப் படக்கதை போட்டார்கள்.

பள்ளி முடித்து ஃபுஜிமோட்டோ ஒரு மிட்டாய்க் கம்பெனியில் சேர்ந்தார். இயந்திரத்தில் கை போய்விடுமோ என்ற பயத்தில் சில நாட்களிலேயே வெளியேறினார். அபிகோவுக்கோ செய்தித்தாளில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு 1954-இல் நண்பனோடு டோக்கியோ ரயில் ஏறினார். எனக்கு வியப்பு அபிகோ மேல்தான். வேண்டாத வேலையை விடுவது எளிது, பிடித்த வேலையை விட்டுவிட்டு ஒருவன் பின்னால் போவது எளிதில்லை.

அந்தப் புதுப் பையன் ஏன் பள்ளி மாறி வந்தான் என்பதற்கு விடை ஹிமியில் இருக்கிறது. ஹிமி லைன் ஒற்றைத் தண்டவாளம், டீசல் வண்டி. சில பெட்டிகளில் ஹட்டோரி படம். அமஹராஷி வந்ததும் ரயில் கடலை ஒட்டிக்கொண்டு ஓடும். வானம் தெளிந்திருந்தால் விரிகுடாவுக்கு அப்பால், கடலிலிருந்தே எழுந்தாற்போல, பனி மூடிய தத்தேயாமா மலைகள் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது மேகம்.

ஹிமி மீன்பிடி ஊர், குளிர்கால புரி மீனுக்குப் பேர்போனது. கடைத்தெரு முழுக்க அபிகோவின் பாத்திரங்கள். ஆற்றுப் பாலத்தருகே ஒரு கடிகாரம், குறிப்பிட்ட நேரத்தில் தண்ணீர் தெறிக்க ஹட்டோரி குடும்பமே வெளியே வரும். அதைப் பார்க்கும்போது தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "அக்கா, போனை ஆட்டாம பிடி, ஷிஷிமாரு எங்கே?" என்றான். வேலைக்குப் போகும் பையன், ஆபீஸில் இருந்துகொண்டு நாயைத் தேடுகிறான்.

கொஞ்சம் தள்ளி கோஸென்-ஜி என்ற ஜென் கோயில். வாசல் பக்கம் ஹட்டோரியும் இன்னும் மூன்று பாத்திரங்களும் கல்லில் நிற்கிறார்கள். அபிகோ பிறந்த வீடு இதுதான். அப்பா இந்தக் கோயிலின் தலைமைக் குரு. அபிகோவுக்குப் பத்து வயதில் அவர் இறந்துபோனார். புதுக் குரு வர வேண்டுமே, குடும்பம் கோயிலைக் காலி செய்துவிட்டுத் தகாஓகாவுக்குப் போனது. அப்படித்தான் அந்த ஐந்தாம் வகுப்பு.

ஹட்டோரி கதை என்ன? துணை இல்லாத கெனிச்சி வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு நிஞ்சா வந்து தங்கிவிடுகிறான். டோரேமானும் அதே கதைதான். 1964-இல் ஹட்டோரி, ஐந்தாறு ஆண்டு கழித்து டோரேமான். ஒருவருக்கொருவர் துணையாக வந்து சேர்ந்த இரண்டு பேர், பிரிந்து உட்கார்ந்து வரைந்தாலும் அதையேதான் வரைந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆராய்ச்சி இல்லை, என் ஊகம். அபிகோவின் மற்ற கதைகள் இருட்டானவை. ஆசையைத் தூண்டி ஆளைக் கவிழ்க்கும் சிரிக்கும் விற்பனையாளரின் சிலையும் இதே கோயிலில் இருக்கிறது. டோரேமான் கருவி கொடுத்துக் காப்பாற்றுவான், அந்த ஆள் கொடுத்துக் கெடுப்பான்.

இன்னொன்று. ஹட்டோரி ஜப்பானில் ஓய்ந்துபோன பிறகு, 2012-இல் புதுத் தொடரை ஜப்பானிய நிறுவனம் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தது. நம் பிள்ளைகள் பார்த்ததால் ஹட்டோரிக்கு மறுவாழ்வு. இதைச் சொன்னதும் தம்பி, தானே பணம் போட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அபிகோ 2022 ஏப்ரலில் காலமானார், அதுவரை இருந்தார் என்பதே அவனுக்குத் தெரியாது.

நான் வந்த சில வாரங்களில், 2024 ஜனவரி 1 அன்று, நோட்டோ நிலநடுக்கம் வந்தது. ஹிமியிலும் மண் நீராய்க் குழைந்து வீடுகள் சாய்ந்தன. போகிறவர்கள் எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள், அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிடுங்கள். ஹிமி லைனில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

அடுத்து டோக்கியோவில், காமிக்ஸ் வரைபவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்த தொகிவா-சோ பாக்கி. தெசுகா காலி செய்த அறைக்கு இவர்கள் குடிபோனபோது, முன்பணத்தையும் மேஜையையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாராம் அவர். 1982-இல் இடித்த அந்தக் கட்டடத்தை 2020-இல் அருங்காட்சியகமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தம்பியும் வருகிறேன் என்கிறான், டிக்கெட் பணம் மட்டும் நான் போட வேண்டுமாம்.