மகளின் சொல் நோட்டு: 11 மாதம் முதல் 23 மாதம் வரை

மகளுக்கு 11 மாதம் முடிந்த அன்று 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் பேசும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் தேதி போட்டு எழுத வேண்டும் என்று ஆசை. இப்போது அவளுக்கு 23 மாதம், நோட்டில் 61 பக்கம் நிரம்பிவிட்டது.

முதல் இரண்டு வாரம் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டேன். 'ப்பா' என்றால் அப்பா என்று குறித்தால், மறுநாள் சீப்பைப் பார்த்தும் 'ப்பா' என்பாள். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், மூன்று வெவ்வேறு நாட்களில், ஒரே பொருளுக்குச் சொன்னால்தான் அது சொல். செல்போனில் பதிவு செய்தும் பார்த்தேன். போனைக் கண்டதும் பேச்சை விட்டுவிட்டு அதைப் பிடுங்க வந்துவிடுவாள். நோட்டுதான் சரிப்பட்டது.

விதியில் தேறிய முதல் சொல் 'மம்மு'. சார்லஸ் டார்வினும் இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். 1839இல் பிறந்த மூத்த மகனைப் பார்த்துப் பார்த்து எழுதியதை 1877இல் வெளியிட்டார். அந்தப் பையன் சரியாக ஒரு வயதில் சாப்பாட்டுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் 'மம்'. சர்க்கரைக்கு 'ஷு-மம்' என்பானாம். இது எங்கிருந்து அவனுக்கு வந்தது என்று தெரியவில்லை என்கிறார் டார்வின். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோற்றை மம்மு என்றுதான் ஊட்டுகிறோம். அதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எழுதுவதில் ஒரு சிக்கல் வந்தது. அண்ணன் மகன் பந்தை 'பால்' என்பான், அவனிடமிருந்து இவளும் பிடித்துக்கொண்டாள். குடிக்கும் பாலும் 'பா', உருட்டும் பாலும் 'பா'. காதில் இரண்டும் வேறு வேறாகக் கேட்கும், பந்துக்குத் தொண்டை அதிரும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பந்துக்கு அடிக்கோடு போட்டேன்.

15ஆம் மாதப் பக்கங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. என் மாமனார் இவள் பிறப்பதற்கு முந்தைய வருடமே தவறிவிட்டார்கள். அத்தை தினமும் காலையில் படத்துக்குப் பூ வைத்து, பேத்தியைத் தூக்கிக் காட்டி, "தாத்தா பாரு" என்பார்கள். அப்புறம் புறவாசல் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். ஒரு நாள் காக்கை வந்து உட்கார்ந்ததும் இவள் இடுப்பில் இருந்தபடியே கையை நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று குதித்தாள். அத்தை கையில் சோற்றோடு அப்படியே நின்றுவிட்டார்கள். "பாத்தியா, பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். கண் கலங்கியிருந்தது.

அன்று இரவு நோட்டைப் புரட்டினேன். கதவு, 'ததவு'. கிண்ணம், 'தின்னம்'. அவளுக்கு 'க' இன்னும் வரவில்லை, அந்த இடத்தில் எல்லாம் 'த' போட்டுக்கொள்கிறாள். அப்படிப் பார்த்தால் காக்கா, தாத்தா. இந்தக் கணக்கை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதும் உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது.

17ஆம் மாதம் 'வேணுமா' வந்தது. நாம் "பிஸ்கட் வேணுமா?" என்று கேட்டுத்தானே கொடுக்கிறோம்? அதனால் அவளுக்கு வேண்டும் என்பதற்குச் சொல்லே 'வேணுமா'தான். கையைத் தூக்கிக்கொண்டு வந்து "தூத்தவா?" என்பாள், என்னைத் தூக்கு என்று அர்த்தம். வாங்குவதற்குக் கை நீட்டும்போது "இந்தா". எல்லாமே தலைகீழ், ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் காதில் விழுந்தது அப்படித்தானே! 'ழ'வுக்கு 'ய' போடுவாள். டவுன் ரத வீதியில் வாழைத்தாரைப் பார்த்து "பயம் வேணுமா, பயம் வேணுமா" என்று கேட்டதில் கடைக்காரர் திகைத்துப்போய், இரண்டு பழம் பிய்த்து இனாமாகவே கொடுத்தார்.

19ஆம் மாதம் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் குறைவாக இருந்த நாள். படித்துறையில் உட்கார்ந்து அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் நீரில் விட்டேன். குட்டி மீன்கள் வந்து விரலைக் கொத்தின. பயந்து அழுவாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தாள், காலை இழுத்தாள், மறுபடி தானே விட்டாள். அப்புறம் மீனைக் காட்டி, "திச்சு திச்சு" என்றாள். நாங்கள் வயிற்றில் கிச்சு கிச்சு மூட்டும்போது சொல்வது. மீன் என்ற சொல் அவளிடம் அப்போது இல்லை. இருந்த சொல்லில் இருந்து சரியானதை எடுத்துக்கொண்டாள். நோட்டில் அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

22ஆம் மாதம் 'க' வந்துவிட்டது. நான்கே நாளில் கதவு, கிண்ணம் எல்லாம் திருந்திவிட்டன. போன வாரம் அத்தை சோறு வைத்ததும் சுவரைப் பார்த்து, "காக்கா" என்று சுத்தமாகச் சொன்னாள். அத்தை ஒன்றும் பேசவில்லை, பேத்தியின் தலையைத் தடவினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளோ கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். படத்துக்குக் கீழே நின்று, அண்ணாந்து, "தாத்தா, காக்கா வந்தாச்சு" என்றாள்.

மூன்று சொல் கோர்த்து அவள் பேசிய முதல் வாக்கியம். "தேதி போட்டு எழுதுத்தா" என்று அத்தைதான் நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.