செம்பூரில் ஒரு சோணகிரி

திருநெல்வேலியில் ஆறு ஆண்டுகள் மழலையர் வகுப்பு நடத்தியவள் என்ற தைரியத்தில், மும்பைக்குக் குடிவந்த மூன்றாம் மாதமே, செம்பூரில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் நடந்துவந்த சிறிய பால்வாடியில் வேலை கேட்டுப் போனேன். மூன்று வயதுப் பிள்ளை எந்த ஊரிலும் மூன்று வயதுப் பிள்ளைதான், அதனிடம் பேச என்ன பெரிய பாஷை வேண்டியிருக்கிறது என்று கணவரிடம் வாய்ச்சவடால் வேறு பேசியிருந்தேன். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை என்பதால் எனக்கு இந்தி எழுத்துகூடத் தெரியாது. மராத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் நாள் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு "பாயி, பாயி" என்று கூவினார்கள். பாய் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தேன். மராத்தியில் ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது அன்று மாலைதான் தெரிந்தது. ஒரு பையனிடம் நான் எதைக் கேட்டாலும் அவன் என் முகத்தை நேராகப் பார்த்து "நாய்" என்றான். "இல்லை" என்பதைப் பேச்சு மராத்தியில் அப்படிச் சொல்வார்கள் என்று தெரியாத நான், பொறுமையின் எல்லைக்கே போய்விட்டு வந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே குரலில் "காக்கா ஆலே! காக்கா ஆலே!" என்று குதித்தபோது சன்னலுக்கு ஓடி வானத்தில் காக்கையைத் தேடினேன். வாசலில் பள்ளி வேன் ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா, பெரியப்பா முறைக்கு மராத்தியில் காக்கா என்று பெயர், ஆலே என்றால் வந்துவிட்டார். வேன்காரரும் அந்த முறையில் எல்லோருக்கும் காக்காதான். நான் இரண்டு கைகளையும் சிறகுபோல் அடித்துக்காட்டி, எங்கள் ஊரில் காக்கா என்றால் இதுதான் என்று விளக்கினேன். "காவ்ளா!" என்று அவர்கள் கத்திச் சிரித்த சிரிப்பில், அழுதுகொண்டே வந்த இரண்டு புதுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நான்தான் அழுதேன். பக்கத்து ஃபிளாட் மாமி, பாலக்காட்டிலிருந்து வந்து நாற்பது வருஷம் ஆனவர், "ஏன்டிம்மா கலங்கறே, குழந்தைகள் சிரிச்சா நல்லதுதானே, அழுதாத்தான் உனக்கு வேலை போகும்" என்றார். மாமி ஆறுதலுக்குச் சொன்னதைத்தான் மறுநாள் எங்கள் தலைமை ஆசிரியை வேறு விதமாகச் சொன்னார். பெரிய பாயி என்று நாங்கள் அழைக்கும் அந்த அம்மையாருக்குத் தாராபாய் மோடக்கின் மீது பக்தி என்றே சொல்லலாம். மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடற்கரைக் கிராமத்தில் 1945-இல் பால்வாடி தொடங்கிய தாராபாய், பிள்ளைகள் வரவில்லை என்றதும் அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனவர். அவருடன் பணியாற்றிய கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பவநகரில் 1920-இல் குழந்தைப் பள்ளி தொடங்கியவர். அவரைக் குஜராத்தில் 'மீசை வைத்த அம்மா' என்ற பொருளில் 'மூச்சாளி மா' என்பார்கள். இவர்களையெல்லாம் சொல்லிவிட்டுப் பெரிய பாயி முடிவாகச் சொன்னது இதுதான்: உனக்குத் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது, இனி அதை மறைக்காதே, அதை வைத்து விளையாடு.

அப்படித்தான் நான் ஏமாறுகிறவள் ஆனேன். கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படங்களைப் பார்த்து வியப்பேன். சில நொடிகள் அமைதியாக இருக்கும். பிறகு ஒரு குரல் மெதுவாக "உல்ட்டா" என்னும், நான் காது கேளாதவள்போல் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன், அதற்குள் பதினெட்டுப் பிள்ளைகளும் "உல்ட்டா, பாயி, உல்ட்டா!" என்று எழுந்து நிற்பார்கள். தமிழிலும் நாம் உல்டா என்றே சொல்கிறோம் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத முதல் மராத்திச் சொல் அது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுப் பெட்டி, அலமாரி, குப்பைக்கூடை என்று அதையே தேடுவதும், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தள்ளாடி நடப்பதும், வருகைப் பதிவின்போது ஒரு பெயருக்குப் பதிலாகக் "கத்திரிக்காய்" என்று கூப்பிட்டுவிட்டு யார் கையைத் தூக்குவார்கள் என்று காத்திருப்பதும் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு குறும்புக்கும் அவர்கள் என்னைத் திருத்தினார்கள். திருத்தும்போது முழு வாக்கியமாகப் பேசினார்கள். நான் அதைத் திரும்பச் சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் காய்கறிப் பெயர்களும் உடுப்புப் பெயர்களும் உறவுமுறைகளும் எனக்கு வந்துவிட்டன. காசு கொடுத்துச் சேர்ந்த இந்தி வகுப்பில் அதே காலத்தில் நான் உயிரெழுத்தைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்குள்ள பிள்ளைகள் வரும்போதே ஓர் ஏமாற்று விளையாட்டைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து தரையில் விரல் வைத்துக்கொள்ள வேண்டும். நடத்துகிறவர் "சிடியா உட்" என்றால், குருவி பறக்கும் என்பதால் விரலைத் தூக்கலாம். "தோத்தா உட்" என்றால் கிளியும் பறக்கும். அதே வேகத்தில் "ஹாத்தி உட்" என்று யானையைப் பறக்கவிட்டால், விரலைத் தூக்கியவன் மாட்டிக்கொள்வான். நான் நடத்தும்போது யானைக்கு நானே விரலைத் தூக்கிவிட்டு விழிப்பேன்.

எங்கள் பால்வாடியில் எழுத்து அறியாத பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதிலாக ஒரு படம் அடையாளமாக இருக்கும். பை மாட்டும் ஆணிக்கு மேலே மீன், குடை, சூரியன், பட்டம் என்று ஆளுக்கொன்று ஒட்டியிருப்போம். அதை வைத்து நான் செய்த வாழைப்பழ வேலையைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை உண்டு. நன்றாக மஞ்சளேறிய, புள்ளி விழாத பழத்தின் தோலில் பல்குச்சியால் லேசாகக் கீற வேண்டும். தோலைக் குத்திக் கிழித்துவிடக் கூடாது. கீறியவுடன் ஒன்றுமே தெரியாது. தோலின் செல்கள் உடைந்து, அவற்றிலிருக்கும் நொதியும் ஃபீனால் பொருள்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரச் சேரக் கோடு பழுப்பாகி, பிறகு கறுக்கத் தொடங்கும். பிள்ளைகள் வருவதற்குச் சற்று முன்பாகப் பதினெட்டுப் பழங்களில் பதினெட்டுப் படங்களைக் கீறிக் கூடையில் அடுக்கிவைத்தேன். காலை வணக்கத்தின்போது எல்லோரும் கூடையை எட்டிப் பார்த்தார்கள். மங்கலான கீறலை யாரும் கவனிக்கவில்லை. டிஃபன் நேரத்தில் பார்த்தால் ஒன்றில் மீன், ஒன்றில் குடை. குடைப் படத்துச் சிறுமி பழத்தை உரிக்கவே மறுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பழம் அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் இரண்டு நாள் இருந்ததாக அவளுடைய அம்மா சொன்னார்.

சர்பத் குறும்பும் இதே வகைதான். டம்ளரில் ஆரஞ்சுச் சாறுடன் கரைத்த சைனா கிராஸை ஊற்றி, நடுவில் ஓர் உறிஞ்சுகுழாயை நட்டுவைத்துவிட்டால், ஃபிரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும். எவ்வளவு உறிஞ்சினாலும் சாறு ஏறாது. கன்னம் குழிந்ததுதான் மிச்சம். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் பல வீடுகளில் ஆகாது. சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது. உடனே கரண்டியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விளையாட்டு வினையாகிவிடும்.

வினையானதும் உண்டு. முதல் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி எழுத்தைத் தலைமாற்றிச் செதுக்கி, மையில் தோய்த்து, அடுத்தவன் வெள்ளைச் சட்டை முதுகில் குத்திவிட்டு "ஏமாந்த சோணகிரி!" என்று ஓடிய வயது நம்மில் பலருக்கும் இருந்திருக்கும். அந்த உற்சாகத்தில், மஞ்சள் கம்பளி நூலை உருண்டை உருண்டையாகச் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, எல்லோருக்கும் லட்டு என்று அறிவித்தேன். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். மீன் படத்துப் பையன் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் அம்மா விடிவதற்குள் லோக்கல் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவர். பாட்டி கொடுத்த டீயோடு வந்த பிள்ளை. அவன் சத்தம்போட்டு அழவில்லை, வாயில் ஒட்டிய நூலை எடுத்துவிட்டுக் கையை நிக்கரில் துடைத்துக்கொண்டு போய்த் தன் ஆணிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். உதவிக்கு இருக்கும் மாவஷி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே போய்த் தன் காசில் அவனுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டை வைத்தும், அம்மாவை வைத்தும், இருட்டை வைத்தும் நான் குறும்பு செய்வதில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து "பே" என்று கத்துவதையும் விட்டுவிட்டேன். அதில் சிரிப்பது பெரியவர்கள் மட்டும்தான்.

அந்தப் பையன் ஏன் சிரிக்கவில்லை என்பதற்குப் பசியைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குப் பிறகு தோன்றியது. ஒருவர் மனத்தில் இருப்பது தவறாகவும் இருக்கலாம் என்பது மூன்று வயதில் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. நான்கு, ஐந்தில்தான் பிடிபடுகிறது. ஹைன்ஸ் விம்மரும் ஜோசஃப் பெர்னரும் 1983-இல், ஒரு சிறுவன் இல்லாத நேரத்தில் அவனுடைய சாக்லேட்டை இடம் மாற்றிவைக்கும் கதையைச் சொல்லி, அவன் திரும்பி வந்து எங்கே தேடுவான் என்று கேட்டுச் சோதித்தார்கள். நம் வீடுகளில் அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசி நூல் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நாம். பிஸ்கட் டின்னுக்குள் கிரையான்களைப் போட்டு, மீன் படத்துப் பையனிடம் திறந்து காட்டி மூடிவிட்டு, மாவஷி இதற்குள் என்ன இருக்கிறதென்று நினைப்பார் என்று சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். "கிரையான்" என்றான், இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில். அடுத்த தீபாவளிக்குப் பிறகு அதையே கேட்டபோது அவன் உடனே பதில் சொல்லவில்லை. டின்னைப் பார்த்தான், வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த மாவஷியைப் பார்த்தான், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக "பிஸ்கட்" என்று வந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. இரண்டாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, பத்தரை மணி இருக்கும், நான் பலகையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "காக்கா ஆலே! பாயி, காக்கா ஆலே!" என்று ஒரே ஆரவாரம். வேன் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது, ரயில் ஓடவில்லையா, ஏதாவது கலவரமா என்று பதறிப்போய், ஆணிகளிலிருந்து பைகளை அள்ளி இரண்டு தோள்களிலும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் வேன் இல்லை. திரும்பிப் பார்த்தால் மீன் படத்துப் பையன் சன்னலைச் சுட்டிக்கொண்டு நின்றான். கம்பிக்கு அந்தப் பக்கம், யாரோ பிய்த்துப் போட்டிருந்த சப்பாத்தித் துண்டுகளைக் கொத்திக்கொண்டு ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"துஜா காக்கா, பாயி" என்றான். உன் ஊர்க் காக்கா.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, நான் எப்போதோ சொல்லிக்கொடுத்து மறந்தே போயிருந்த அதை, "ஏமாந்த ஸோன்கிரி! ஏமாந்த ஸோன்கிரி!" என்று சுற்றிச் சுற்றி வந்து கத்தினார்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன் மட்டும் எல்லோருடனும் சேர்ந்து கத்திக்கொண்டே, காலணியை மாட்டி வாசலில் போய் நின்று வேனைத் தேடினான். கதவுக்குப் பின்னால் மாவஷி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்; அவர் கையில் பாதிச் சப்பாத்தி மிச்சம் இருந்தது. நான் பதினெட்டுப் பைகளையும் படம் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி ஆணியில் மாட்டினேன்.